'ம்' கொட்டும் கணினிகள்: நம்பகமான தரவுப் பரிமாற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் பாடம் படிக்கும் மாணவர்களும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரௌட்டர் முன்னால் முழித்துக்கொண்டு நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பரீட்சைக்கு வருவதும் இருக்கிறது, வராததும் இருக்கிறது. வராததற்குத்தான் பதில் நீண்டுவிட்டது.

அனுப்புவது எல்லாம் ஒழுங்காகத்தானே போய்ச் சேர்கிறது? பிறகு ஏன் இணையத்தை 'நம்பகமற்ற தடம்' என்கிறார்கள்?

வெளியே இருந்து பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். நீங்கள் அனுப்பும் படமோ கோப்போ பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது. துண்டுக்குப் பெயர் பாக்கெட். அதைச் சுமக்கும் ஐபி நெறிமுறை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 'முடிந்தவரை பார்க்கிறேன்' என்பதோடு சரி. பாக்கெட் தொலையலாம். உள்ளே ஒரு பிட் புரண்டு 0 என்பது 1 ஆகலாம். ஒன்றே இரண்டாக வரலாம். பின்னால் கிளம்பியது முன்னால் வரலாம். தொலைந்தது என்று தலைமுழுகிவிட்ட பாக்கெட் கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ வந்து வாசலில் நிற்கலாம்.

தொலைந்துபோக முக்கியக் காரணம் வயர் பழுது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் நெரிசல்தான். ஒரு ரௌட்டரிலிருந்து வெளியேறும் வழி 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்), உள்ளே வந்து கொட்டுவது 300 எம்பிபிஎஸ் என்றால் மிச்சம் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் காத்திருக்கும். பஃபரும் நிரம்பினால் அடுத்து வருவதை ரௌட்டர் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வைஃபை, மொபைல் போன்ற ரேடியோ வழிகளில் இதோடு இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

நெட்வொர்க்கையே ஒழுங்காகக் கட்டியிருந்தால் இந்தத் தலைவலி இருக்காதே?

அப்படியும் கட்டிப் பார்த்தார்கள். 1969-இல் தொடங்கிய ஆர்பாநெட்டில், பாக்கெட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை இடையில் இருந்த ஐஎம்பி என்ற கணினிகளே ஏற்றுக்கொண்டன. பிரான்சில் லூயி பூஸான் 1970-களின் தொடக்கத்தில் கட்டிய சிக்லாட் வலையமைப்பு இதைத் தலைகீழாக்கியது: நடுவில் இருப்பது பாக்கெட்டைத் தள்ளிவிட்டால் போதும், கணக்கு வழக்கை இரண்டு முனைகளும் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு முனைகளிலும் இருந்து கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறைக்கு அடித்தளமாக, வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பாதையைத்தான் எடுத்தார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ரேடியோ வலையமைப்பு, செயற்கைக்கோள் வலையமைப்பு, தரைவழி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவற்றை இணைக்க வேண்டியிருந்தது. எல்லாமே ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

பணம் செலவழித்து நடுவழி முழுவதையும் ஒழுங்காக்கினாலும் முனையில் சரிபார்ப்பதை விட்டுவிட முடியாது. எம்ஐடியில் நடந்த கதை இதற்கு நல்ல சாட்சி. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வருகிறது. அங்கே பல உள்வலையமைப்புகளை கேட்வே கணினிகள் இணைத்தன. ஒரு கேட்வேயிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு கட்டத்திலும் செக்சம் என்ற பிழைச் சரிபார்ப்பு (அடுத்த கேள்வியில் வருகிறது) இருந்தது. அதனால் வழி பத்திரம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆனால் ஒரு கேட்வே, உள்ளே வந்த தரவை வெளியே போகும் பஃபருக்கு நகலெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை ஒரு ஜோடி பைட்டை இடம் மாற்றிப் போட்டது. வயரில் போகும்போது எந்தத் தவறும் இல்லை. தவறு நடந்தது பெட்டிக்குள்ளே, ஒரு சரிபார்ப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில். ஒரு இயங்குதளத்தின் மூல நிரல் கோப்புகள் அந்த வழியாகவே திரும்பத் திரும்பப் போய்வந்ததில் சில கோப்புகள் கெட்டுப்போயின. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகக் கையால் ஒப்பிட்டுத் திருத்தினார்களாம்.

செக்சம் என்பது என்ன? அது பொருந்தினால் தரவு சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாக்கெட்டில் உள்ளதை எண்களாகப் பாவித்துக் கூட்டி, கூட்டுத்தொகையையும் உடன் அனுப்புவது. பெறுபவர் தானும் கூட்டிப் பார்ப்பார். ஒத்துவரவில்லை என்றால் பாக்கெட் குப்பைக்குப் போகும். டிசிபி, உத்தரவாதம் எதுவும் தராத அதன் எளிய தம்பி யுடிபி ஆகிய இரண்டிலும் இருப்பது 16 பிட் கூட்டல். கூட்டலின் பலவீனம் நமக்குத் தெரிந்ததுதான்: 12-உடன் 34-ஐக் கூட்டினாலும், 34-உடன் 12-ஐக் கூட்டினாலும் 46. இரண்டு 16 பிட் துண்டுகள் இடம் மாறினால் இந்தச் செக்சத்துக்குத் தெரியவே தெரியாது. வயர் வழி உள்வலையமைப்பான ஈதர்நெட்டில் உள்ள 32 பிட் சிஆர்சி என்ற பிழை கண்டறியும் குறியீடு இதைவிடப் பல மடங்கு கெட்டி. ஆனால் அது ஒரு வயருக்கு மட்டும் காவல். அடுத்த வயருக்குப் புதிதாகக் கணக்கிடுவார்கள்.

2000-ஆம் ஆண்டில் ஜோனதன் ஸ்டோன், கிரேக் பார்ட்ரிட்ஜ் இருவரும் உண்மையான போக்குவரத்தை அலசிப் பார்த்தபோது, 1,100 முதல் 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று என்ற அளவில் டிசிபி செக்சம் பொருந்தாமல் வந்ததைக் கண்டார்கள். இவை எல்லாம் சிஆர்சி காவலைத் தாண்டி வந்தவை! அதாவது எம்ஐடி கதை போலவே, தவறு வயரில் இல்லை, கணினிக்குள்ளும் ரௌட்டருக்குள்ளும் நடந்திருக்கிறது. அதனால்தான் பெரிய கோப்பை இறக்கியதும் அதன் ஷா-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) வெளியிட்டவர் தந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறோம். நான் எப்போதும் பார்ப்பேன். பத்து வினாடி வேலை.

ஒப்புகை எப்படி வேலை செய்கிறது? எளிமையாகச் சொல்ல முடியுமா?

பாட்டி கதை சொல்லும்போது 'ம்' கொட்டச் சொல்வார் இல்லையா, அதேதான். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்பார். நீங்கள் 'ம்' சொன்னால்தான் 'அவருக்கு ரெண்டு பொண்ணு' வரும். 'ம்' வரவில்லை என்றால் பாட்டி நிறுத்திவிடுவார். தூங்கிவிட்டாயா என்று தட்டிப் பார்ப்பார், பதில் இல்லாவிட்டால் கடைசி வரியை மறுபடி சொல்வார். இதற்குப் பாடத்தில் 'ஸ்டாப் அண்ட் வெயிட்' என்று பெயர்: ஒன்றை அனுப்பு, ஒப்புகைக்குக் காத்திரு, வராவிட்டால் அதையே மறுபடி அனுப்பு. நெட்வொர்க்காரர்கள் பேச்சில் ஒப்புகையை 'ஆக்' என்பார்கள். 'எனக்குச் சரியாக வரவில்லை' என்று திருப்பிச் சொல்வது 'நாக்'.

சிக்கல் எங்கே என்றால், பதில் வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கதை காதில் விழவில்லை, அல்லது 'ம்' பாட்டி காதில் விழவில்லை. பாட்டியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டாவதாக இருந்தால், மறுபடி சொல்லும் வரி உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. மனிதருக்கு அது பழைய வரி என்று புரியும், கணினிக்குப் புரியாது. கோப்பில் அதே துண்டை இரண்டு முறை எழுதிவிடும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் வேண்டும்.

எத்தனை எண்கள் வேண்டும் என்பதுதான் அழகு. ஸ்டாப் அண்ட் வெயிட்டுக்கு ஒரே ஒரு பிட் போதும். 0, 1, 0, 1 என்று மாறி மாறிப் போட்டால், எதிர்பார்த்தது 1, வந்தது 0 என்றவுடன் இது பழையது, எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தெரிந்துவிடும். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் ஒப்புகை அனுப்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். தேர்வில் பாதிப்பேர் கோட்டை விடும் இடம் இதுதான். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஸ்காண்டில்பரி, வில்கின்சன் மூவரும் 1969-இல் இந்த ஒரு பிட் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்த ஒரு பிட் கணக்கு, பாக்கெட்டுகள் ஒன்றையொன்று முந்தாத தடத்துக்கு மட்டும். முந்தக்கூடிய தடத்தில் நெடுநாள் கழித்து வரும் பழைய 0, புதிய 0 போல வேஷம் போட்டுவிடும்.

எவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும்?

பக்கத்து அறைக்குப் பாக்கெட் போய்வர ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால் அரை வினாடிக்கு மேல். ஒரே எண்ணை நிரலில் எழுதிவைக்க முடியாது. அவசரப்பட்டால் வீணாக இரண்டு பிரதி போகும், சோம்பேறித்தனம் பட்டால் இழப்புக்கு இழப்பு வேலை நின்றுவிடும்.

அதனால் டிசிபி அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை போய்வரும் நேரத்தையும் பார்த்து, பழைய சராசரிக்கு எட்டில் ஏழு பங்கும் புதிய அளவுக்கு எட்டில் ஒரு பங்கும் மதிப்புக் கொடுத்து ஒரு ஓடும் சராசரி வைத்துக்கொள்ளும். அதோடு, அளவுகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதற்கு இன்னொரு எண். சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டினால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் சேர்த்தது வான் ஜேக்கப்சனின் 1988 கட்டுரை. ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பு இரட்டிப்பாகும். லினக்ஸில் இயல்பு அமைப்பை மாற்றாமல் விட்டால், மறுமுனை செத்துப்போனது என்று முடிவு கட்டவே சுமார் 15 நிமிடம் ஆகும். 'சர்வர் போய் பத்து நிமிஷம் ஆச்சு, நம்ம புரோக்ராம் இன்னும் ஒண்ணும் சொல்லலை' என்று பதறுபவர்களுக்கு விடை இதுதான்.

அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. மறுபடி அனுப்பிய பிறகு ஒரு ஒப்புகை வருகிறது. அது முதலில் அனுப்பியதற்கா, இரண்டாவதற்கா? தெரியாது. தெரியாத அளவைக் கணக்கில் சேர்க்காதே என்றார் ஃபில் கார்ன். கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். 1987 வரை இதைத் தெளிவாக யாரும் எழுதிவைக்கவில்லை.

ஸ்டாப் அண்ட் வெயிட் ஏன் மெதுவு? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 16 மில்லிவினாடி, வர 16, ஆக 32. ஒன்றை அனுப்பி ஒப்புகைக்குக் காத்திருந்தால் வினாடிக்கு 31 பாக்கெட்தான் அனுப்ப முடியும். ஒரு பாக்கெட் 1,500 பைட் என்றால் வினாடிக்கு 47 கிலோபைட்டுக்குள். 100 எம்பி கோப்புக்கு முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல். கேபிள் எத்தனை ஜிகாபிட் திறன் உள்ளது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எட்டு வழிச்சாலை போட்டுவிட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டியை விடுவது போல.

கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை வெளிநாட்டுக் கிளை ஒன்றில் இருந்த ஸ்விட்சுக்கு 30 எம்பி ஃபர்ம்வேரை (அதன் உள் மென்பொருளை) டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் நெறிமுறை வழியாக ஏற்றினேன். டிஎஃப்டிபி அசல் வடிவில் 512 பைட் துண்டுகளாக அனுப்பும், துண்டுக்குத் துண்டு காத்திருக்கும். போய்வர 200 மில்லிவினாடி. டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். திரும்பி வந்து, மதியச் சாப்பாட்டையும் முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றே கால் மணி நேரம் வரும். அன்றிலிருந்து கோப்பை முதலில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உள்ள கணினியில் இறக்கிக்கொண்டு, அங்கிருந்துதான் ஏற்றுகிறேன்.

தீர்வு, ஒப்புகைக்குக் காத்திருக்காமல் பல பாக்கெட்டுகளை அடுத்தடுத்து விடுவது. ஒப்புகை வராமல் வெளியே எத்தனை இருக்கலாம் என்ற வரம்புக்கு விண்டோ என்று பெயர். அதே சிங்கப்பூர் வழியில் 100 எம்பிபிஎஸ் வேகம் முழுதும் கிடைக்க 400 கிலோபைட் எந்நேரமும் வழியில் இருக்க வேண்டும். டிசிபி பாக்கெட்டின் முன்னால் வரும் தலைப்புப் பகுதியில் விண்டோவுக்கு ஒதுக்கியது 16 பிட், அதிகபட்சம் 65,535 பைட். அதை வைத்துக்கொண்டு அந்த வழியில் 16 எம்பிபிஎஸ்தான் தேறும். 1992-இல் விண்டோ அளவைப் பெருக்கிக்கொள்ளும் வசதியைச் சேர்த்து இதைச் சரிக்கட்டினார்கள்.

கோ-பேக்-என், செலக்டிவ் ரிப்பீட்: டிசிபி எந்த வகை?

கலப்படம். முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். கோ-பேக்-என்னில் ஒன்று தொலைந்தால் அதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும். பெறுபவர் முறை தவறி வந்ததைத் தூக்கிப் போட்டுவிடுவார். செலக்டிவ் ரிப்பீட்டில் தொலைந்தது மட்டும் மறுபடி போகும். பெறுபவர் மற்றதைப் பத்திரப்படுத்தி வைப்பார்.

டிசிபி பாக்கெட்டை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. ஒப்புகை எண்ணின் பொருள் 'அடுத்து எனக்கு வேண்டிய பைட் இது'. 1,460 பைட் வீதம் ஐந்து பாக்கெட் அனுப்புகிறோம் என்று வையுங்கள்: 1, 1461, 2921, 4381, 5841 என்ற எண்களில் தொடங்குபவை. இரண்டாவது வழியில் தொலைந்தது. முதலாவது போய்ச் சேர்ந்ததும் '1461 வேண்டும்' என்று ஒப்புகை வருகிறது. மூன்றாவது போய்ச் சேர்கிறது: '1461 வேண்டும்'. நான்காவது: '1461 வேண்டும்'. ஐந்தாவது: '1461 வேண்டும்'. ஒரே பாட்டை மூன்று முறை திருப்பிப் பாடிவிட்டதால், டைமருக்குக் காத்திருக்காமல் அனுப்புபவர் 1461-ஐ மறுபடி விடுகிறார். அது போய்ச் சேர்ந்தவுடன் வரும் ஒப்புகை '7301 வேண்டும்'. நடுவில் வந்த மூன்றையும் பெறுபவர் வைத்திருந்தார் என்று அந்த ஒரே தாவலில் தெரிகிறது. ஒன்றுக்கு மேல் ஓட்டை விழுந்தால் இந்த முறை தடுமாறும். அதற்காக 1996-இல் எது எது வந்தது என்று பட்டியல் சொல்லும் 'சாக்' வசதி வந்தது.

செலக்டிவ் ரிப்பீட்டில் விண்டோ, எண் வரிசையில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்கிறார்களே, ஏன்?

எண்கள் 0, 1, 2, 3 மட்டும், விண்டோ 3 என்று வையுங்கள். 0, 1, 2 மூன்றும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஒப்புகைகள் மூன்றும் தொலைந்தன. பெறுபவர் இப்போது எதிர்பார்ப்பது 3, 0, 1. அனுப்புபவரோ டைமர் முடிந்து பழைய 0-ஐ மறுபடி அனுப்புகிறார். பெறுபவர் அதைப் புதிய 0 என்று வாங்கி வைத்துவிடுவார். விண்டோ 2 என்றால் எதிர்பார்ப்பு 2, 3. பழைய 0 வந்தால் வேஷம் கலைந்துவிடும். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

மறுபடி அனுப்புவதே ஆபத்தாக முடியுமா?

முடியும். டிஎஃப்டிபியின் பழைய வடிவில் ஒரு வேடிக்கையான பிழை இருந்தது. ஒரு ஒப்புகை தொலையவில்லை, கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். அதற்குள் அனுப்புபவர் துண்டு 5-ஐ மறுபடி அனுப்பிவிட்டார். இப்போது 5-க்கு இரண்டு ஒப்புகைகள் வரும். ஒவ்வொரு ஒப்புகைக்கும் அடுத்த துண்டை அனுப்பு என்பது விதி, அதனால் 6 இரண்டு முறை போகும். அதற்கு இரண்டு ஒப்புகைகள், 7 இரண்டு முறை. கோப்பு முடியும்வரை எல்லாமே இரட்டை. கோப்பு சரியாகவே போய்ச் சேரும், அதனால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். திரும்ப வந்த பழைய ஒப்புகைக்கு எதையும் அனுப்பாதே என்று 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1123 கட்டளையிட்டது (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்களுக்குப் பெயர் ஆர்எஃப்சி).

பெரிய அளவில் நடந்தது 1986 அக்டோபரில். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம் தூரம்தான். அந்த வழியின் வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. 1,000 பைட் மின்னஞ்சல் ஒன்று போக மூன்று நிமிடத்துக்கு மேல்! நெரிசலில் பாக்கெட் விழுகிறது, தொலைந்தது என்று எல்லோரும் மறுபடி அனுப்புகிறார்கள், நெரிசல் கூடுகிறது, இன்னும் விழுகிறது. டிக்கெட் கவுன்டரில் கூட்டம் நகரவில்லை என்று ஒவ்வொருவரும் இன்னொரு ஆளை வரிசையில் நிறுத்துவது போல. அந்தச் சரிவை ஆராய்ந்துதான் ஜேக்கப்சன், மெதுவாகத் தொடங்கு, இழப்பு தெரிந்தால் பின்வாங்கு என்ற விதிகளை டிசிபிக்குள் கொண்டுவந்தார். பாடத்தில் நம்பகத்தன்மை ஒரு அத்தியாயம், நெரிசல் கட்டுப்பாடு வேறு அத்தியாயம் என்று பிரித்துவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறுபடி அனுப்பத் தெரிந்தவனுக்கு எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் தெரிய வேண்டும்.

இவ்வளவு வசதி இருக்கும்போது யுடிபியை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

போன் பேச்சில் தொலைந்த ஒரு அசை இரண்டு வினாடி கழித்து வந்து என்ன பயன்? அதைவிட ஒரு 'க்ளிக்' சத்தத்தோடு விட்டுவிடலாம். டிசிபியும் ஐபியும் முதலில் ஒன்றாகத்தான் இருந்தன. 1978-இல் அவற்றைப் பிரிக்க முக்கியக் காரணங்களில் ஒன்று, வலையமைப்பில் குரலை அனுப்பிப் பார்த்தவர்கள் போட்ட சண்டை. யுடிபியை வரையறுத்த 1980-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 768 மூன்றே பக்கம்.

க்விக் என்ற நெறிமுறை யுடிபி மேல் ஓடுகிறதாமே, அப்படியானால் நம்பகமற்றதா?

இல்லை. யுடிபி வெறும் வண்டி. ஒப்புகை, மறு அனுப்பல், நெரிசல் கட்டுப்பாடு எல்லாம் அதற்கு மேலே க்விக்கே செய்துகொள்கிறது. கூகுளில் தொடங்கி 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆனது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: பாக்கெட் எண் ஒருபோதும் திரும்ப வராது. தொலைந்த தரவு மறுபடி போகும்போது புது எண்ணில் போகும். ஒப்புகை எந்தப் பிரதிக்கு என்ற கார்னின் குழப்பம் பிறக்கவே வழியில்லை. இன்னொரு லாபம், ஒரே இணைப்பில் பல ஓடைகள் தனித்தனியாக ஓடும். ஒரு படத்தின் பாக்கெட் தொலைந்ததற்காக மற்றப் படங்கள் காத்துக்கிடக்க வேண்டாம்.

டிசிபியில் அனுப்பிவிட்டேன், பிழை எதுவும் வரவில்லை. போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். நிரலில் 'அனுப்பு' என்ற அழைப்பு வெற்றி என்று திரும்பினால், தரவு உங்கள் கணினியின் பஃபருக்குள் போனது என்று மட்டும் பொருள். ஒப்புகை வந்தால் மறுமுனையின் இயங்குதளம் வாங்கிக்கொண்டது என்று பொருள். அங்குள்ள செயலி அதைப் படித்ததா, வட்டில் எழுதியதா என்று டிசிபிக்குத் தெரியாது. டிசிபி தரும் வாக்குறுதி உண்மையில் சின்னது: வந்து சேர்ந்தால் முறையாக, இடையில் ஓட்டையில்லாமல் வரும், வராது போனால், தாமதமாகவாவது சொல்லிவிடும். எவ்வளவு தூரம் போனது என்பதைச் சொல்லாது.

இதற்கு மேல் எந்த நெறிமுறையாலும் முழுத் தீர்வு தர முடியாது என்பதற்கு நிரூபணமே உண்டு. இரண்டு மலைகளில் இரண்டு தளபதிகள். சேர்ந்து தாக்கினால் வெற்றி, தனியாகப் போனால் அழிவு. தூதுவன் வழியில் பிடிபடலாம். 'விடிகாலை தாக்குவோம்' என்று ஒருவர் அனுப்புகிறார். கிடைத்தது என்று பதில் வந்தால்தான் கிளம்புவார். பதில் அனுப்பியவருக்கோ, தன் பதில் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு பதில், அதற்கும் ஒரு பதில். எத்தனையாவது தூதோடு நிறுத்தினாலும், கடைசித் தூதை அனுப்பியவர் இருட்டில்தான் நிற்பார். 1975-இல் முதலில் எழுதியபோது இவர்கள் கொள்ளைக் கும்பல்கள். 1978-இல் கணினி அறிஞர் ஜிம் கிரே தளபதிகளாகப் பதவி உயர்வு கொடுத்தார்.

டீக்கடையில் தினமும் இதைப் பார்க்கலாம். யுபிஐயில் இருபது ரூபாய் அனுப்புகிறீர்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது. கணக்கில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது, கடைக்காரரின் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. 'அண்ணே, போயிடுச்சு' என்கிறீர்கள். 'எனக்கு வரலையே தம்பி' என்கிறார். தொலைந்தது பணமா, ஒப்புகையா? இரண்டு பேருக்கும் தெரியாது. நீங்கள் மறுபடி ஸ்கேன் செய்தால் அது புது எண்ணோடு போகும் புதுப் பரிமாற்றம். இரண்டு முறை கழியலாம். அதே பழைய எண்ணோடு கேட்டால்தான் 'இது ஏற்கெனவே முடிந்தது' என்று மறுமுனையால் சொல்ல முடியும். பணம் தொடர்பான எதை நிரலாக எழுதினாலும் கோரிக்கைக்கு ஒரு தனி எண் கொடுங்கள், மறு முயற்சியில் அந்த எண்ணை மாற்றாதீர்கள். டிசிபி இருக்கிறதே என்று விட்டுவிட்டு, ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவானதைத் தேடி ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் சொல்கிறேன்.

மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கவே முடியாத தூரம் என்றால்?

1977-இல் கிளம்பிய வாயேஜர் 1-இலிருந்து செய்தி ஒரு வழி வரவே 22 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 'மூன்றாவது வரி கேட்கவில்லை' என்று சொல்லி, பதில் வாங்க இரண்டு நாள் ஓடிவிடும். அதனால் தொலையும் என்று முன்கூட்டியே எண்ணி, கூடுதல் தகவலைச் சேர்த்தே அனுப்புவார்கள். 7, 4, 9 என்ற மூன்று எண்களோடு கூட்டுத்தொகை 20-ஐயும் அனுப்பினால், நடுவில் உள்ளது தொலைந்தாலும் 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்து 4 என்று கண்டுபிடித்துவிடலாம். இதன் பெரிய அண்ணன் ரீட்-சாலமன் குறியீடு, 1960-இல் வந்தது. 1986-இல் யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 அதைப் பயன்படுத்தியது. அதே டீக்கடையில் கிழிந்து, எண்ணெய் படிந்து தொங்கும் கியூஆர் அட்டையிலும் அதுதான் இருக்கிறது; உயர்ந்த திருத்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்க முடியும்.

புறா வழியாக ஐபி பாக்கெட் அனுப்பினார்களாமே, உண்மையா?

உண்மை. ஆர்எஃப்சி 1149, 1990 ஏப்ரல் 1 அன்று விளையாட்டாக எழுதப்பட்டது. 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் பயனர் குழு நிஜமாகவே செய்துபார்த்தது. பாக்கெட்டைக் காகிதத்தில் அச்சிட்டு, புறாவின் காலில் சுற்றி விட்டார்கள். ஒன்பது பிங் (பதில் கேட்கும் சோதனைப் பாக்கெட்) போனது, நான்குக்குப் பதில் வந்தது; இழப்பு 55 சதவீதம். போய்வரும் நேரம் சுமார் 53 நிமிடம் முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை.